ஊதிவிடும் மூச்சு

1

திருச்சி பாலக்கரையில் இருக்கும் என் சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் வாழும் ஊரில் மூச்சு விடுவதற்கு வகுப்பு நடத்துகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள், ஒரு சமுதாயக் கூடத்தில், வட்டமாக நாற்காலி போட்டு. நான் அதில் சேர்ந்து படித்துத் தேறியவன். பள்ளிக்கூடத்தில் கணக்கில் கோட்டை விட்டவனுக்கு அறுபது வயதில் இப்படி ஒரு பட்டம் கிடைத்திருக்கிறது.

இங்கிலாந்தில் லெஸ்டர் என்னும் ஊருக்கு வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேன் ஓட்டினேன். மனைவி ஜமீலா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். ஒரே மகள் சஃபியா. சிறு பிள்ளையில் எனக்கு இழுப்பு இருந்தது, வாலிபத்தில் சிகரெட் சேர்ந்துகொண்டது, இரண்டும் கூடி இப்போது மூச்சுக் குழாய்கள் சுருங்கிப் போய்விட்டன. உள்ளே போன காற்று வெளியே வருவதற்குத்தான் மல்லுக்கட்டும். இது குணமாகிற நோய் இல்லை, கூடவே வைத்துக் குடும்பம் நடத்தவேண்டிய நோய்.

வகுப்பு நடத்துகிறவள் ஹெலன் என்ற பெண். முதல் நாள் உதட்டைக் குவித்து, மெதுவாக, நீளமாக ஊதிக் காட்டினாள். "எதிரே ஒரு மெழுகுவத்தி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அணைக்கக்கூடாது. சுடர் ஆடினால் போதும்" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவள் கோபப்படவில்லை, என்ன என்று கேட்டாள். என் ஆங்கிலத்தில் அதைச் சொல்ல வரவில்லை.

எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் பள்ளிவாசல் கேட். பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகை முடிகிற நேரத்தில் கேட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் நிற்பார்கள். எல்லாச் சாதியும், எல்லா மதமும். இடுப்பில் காய்ச்சல்காரப் பிள்ளை இருக்கும், கையில் சொம்பில் தண்ணீர் இருக்கும். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஏதாவது ஓதி, பிள்ளையின் முகத்திலும் தண்ணீரிலும் ஊதிவிட்டுப் போவார்கள். இழுப்பு வந்த நாட்களில் என் அம்மாவும் என்னைத் தூக்கிக்கொண்டு அங்கே நிற்பாள். வெற்றிலை வாசம், பீடி வாசம், அத்தர் வாசம் என்று வகைவகையான மூச்சு என் முகத்தில் விழும். இழுப்பு நின்றதா என்றால், அந்த நேரத்துக்கு நின்றதாகத்தான் ஞாபகம்.

ஹெலன் ஊதியதும் அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது. ஓதாமல் ஊதினாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

2

நுரையீரல் நோய்க்கு ஒரு மரியாதை உண்டு. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். எனக்கு இருக்கும் இரண்டாவது நோய்க்கு அந்த மரியாதை கிடையாது. அதன் பெயர் பதற்றம்.

மூச்சு முட்டினால் பயம் வரும். பயம் வந்தால் மூச்சு இன்னும் முட்டும். எது முந்தி என்று கண்டுபிடிப்பது கோழி முந்தியா முட்டை முந்தியா கதைதான். மாடிப்படி ஏறும் முன்பே, படியைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கடையில் வரிசை நீளமாக இருந்தால் கை வியர்க்கும். நான் இந்த இரண்டுக்கும் வீட்டில் பெயர் வைத்திருக்கிறேன். நுரையீரல் பெரியவர், பதற்றம் சின்னவர். சின்னவர்தான் சத்தம் அதிகம் போடுகிறவர்.

டாக்டர் சின்னவருக்கு ஒரு மாத்திரை எழுதினார். தினம் காலையில் ஒன்று. சாப்பிட்ட உடனே ஒன்றும் நடக்காது, பல வாரம் பொறுத்துத்தான் தெரியும் என்றார். சட்டென்று தூங்கவைக்கிற மாத்திரை கேட்டேன். "அது உங்கள் மூச்சையே மந்தமாக்கிவிடும், உங்களுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார். கூடவே ஹெலனின் பாடங்களையும் செய்யச் சொன்னார். பாதத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு தசையாக இறுக்கி, பிறகு தளர்த்த வேண்டும். தோளை இறக்க வேண்டும். என் தோள் எப்போதும் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாத்திரை வேலை செய்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் படியைப் பார்த்துப் பயப்படுவது குறைந்தது. அப்போது ரமலான் வந்தது. நோன்பு மாதத்தில் மனசு தானாக அமைதியாகிவிடும், மனசுக்கு எதற்கு மாத்திரை என்று எனக்கு ஒரு ஞானோதயம். விடியும் முன் சாப்பிடுகிற சஹர் நேரத்தில் ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கியிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் நிறுத்தினேன், யாரிடமும் கேட்காமல். சில நாளில் தலை கிறுகிறுத்தது. ஒரு மாலை, நோன்பு திறக்கும் இஃப்தாருக்குப் பேரீச்சம்பழம் வாங்கப் போன கடையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்த நர்ஸ், ஆக்ஸிஜன் நன்றாகவே இருக்கிறது, நெஞ்சும் பரவாயில்லை என்றாள். மற்றவர்களாக இருந்தால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லியிருப்பார்கள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு கூட்டம் கூட்டியது சின்னவர்தானா என்று கூசிப்போனேன்.

சஃபியா என்னைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டையை உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். "அத்தா, நெஞ்சு மாத்திரைய ரமலான்ல நிறுத்தணும்னாக்கூட டாக்டர்ட்ட கேப்பீங்கதானே? இதுக்கு மட்டும் ஏன் கேக்கல?" என்றாள். மறுநாளே டாக்டரைப் பார்த்து மறுபடி தொடங்கினேன்.

3

போன வருடம் அண்ணி, மகள் நஸ்ரினின் கல்யாண விஷயமாகப் போன் செய்தார். என் அண்ணன் மனைவி, பாலக்கரையில் எங்கள் பழைய வீட்டிலேயே இருக்கிறார். அண்ணன் மௌத்தானபோது நான் இங்கே நெஞ்சில் சளி கட்டி, ஆக்ஸிஜன் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அடக்கம் செய்யக் கொண்டுபோன ஜனாஸாவை போன் திரையில் பார்த்தேன். பாதியில் சிக்னல் போய்விட்டது.

"நஸ்ரினுக்கு இடம் முடிவாயிடுச்சு தம்பி. பையன் உறையூர். நல்ல குடும்பம்" என்றார் அண்ணி. கொஞ்சம் தயங்கினார். "வலிகாரர் நீங்கதான். உடம்பு முடியலன்னா பரவால்ல, போன்லயே நம்ம பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு அனுமதி குடுத்துடுங்க. அவரே நடத்திக் குடுத்துருவாரு."

வலிகாரர் என்றால் பெண் தரப்பில் நின்று, அவளை நிக்காஹ் செய்து கொடுக்கிறவர். அத்தா இருந்தால் அத்தா. எங்கள் நஸ்ரினுக்கு அத்தா இல்லை, பாட்டனார் இல்லை, கூடப் பிறந்த ஆண் பிள்ளை இல்லை. மிஞ்சியிருப்பது நான் ஒருவன். சபையில் மைக் முன்னால் உட்கார்ந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தின் நடுவில் எனக்கு மூச்சு முட்டினால்?

பேச்சின் கடைசியில் நஸ்ரின் போனை வாங்கினாள். "சின்னத்தா, நீங்க வந்து சொன்னா அத்தா சொன்ன மாதிரி இருக்கும்" என்றாள். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, போனை வைத்த கையோடு நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து ஊத ஆரம்பித்தேன்.

பயண இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்தபோது அந்தப் பக்கத்துப் பெண் என் நோய்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள். நுரையீரலைப் பற்றி விலாவாரியாகச் சொன்னேன். மனசு சம்பந்தமாக ஏதாவது உண்டா என்றாள். இல்லை என்றேன். பக்கத்தில் இருந்த சஃபியா போனை வாங்கி, "இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார்" என்று மாத்திரையின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணுக்கு மாறுகண் என்று சொன்ன மாதிரி எனக்கு இருந்தது. அந்தப் பெண்ணோ சரி என்று தட்டச்சு செய்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். விமானத்தில் போகலாமா என்று ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை வைத்தார்கள். தேறினேன். ஜமீலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சஃபியா தன் வேலையில் லீவு போட்டுக்கொண்டு என்னோடு கிளம்பினாள். அவள் கடைசியாக ஊருக்கு வந்தது பள்ளிக்கூடப் பிள்ளையாக.

4

திருச்சி விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. சின்னவர் விழித்துக்கொண்டார். சஃபியா கைப்பையிலிருந்து பேட்டரி விசிறியை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். முகத்தில் காற்று பட்டால் மூச்சுத் திணறல் தணியும் என்பதும் ஹெலன் பாடம்தான். வீட்டிலிருந்து அழைக்க வந்திருந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்று அந்த விசிறியை வேடிக்கை பார்த்தார்கள்.

வீட்டு வாசலில் சஃபியா அண்ணியின் கையைப் பிடித்து, "உங்களை சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி பெரியம்மா" என்றாள். வரும் வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறாள் போல.

"நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுது புள்ள" என்று அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. அண்ணன் இல்லாத வீட்டுக்குள் நான் முதல் தடவையாக நுழைகிறேன். எனக்கும் அழுகை வந்தது, அழுதால் மூச்சு முட்டுமே என்று பாதியில் அடக்கினேன். அழுவதற்குக்கூடக் கணக்குப் பார்க்கவேண்டிய பிழைப்பு.

மாத்திரைகளை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். நெஞ்சு மாத்திரையும் பஃப் அடிக்கிற குப்பியும் கூடத்து மேஜையில், எல்லாரும் பார்க்கும்படி. சின்னவரின் மாத்திரை பெட்டிக்கு அடியில், சாக்ஸுக்குள். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு விழுங்கினேன். கல்யாண வீட்டில் 'மாப்பிள்ளையின் சின்ன மாமனாருக்கு மனசு சரியில்லை' என்று ஒரு பேச்சு கிளம்பக்கூடாது என்பது என் எண்ணம். சஃபியா அதைப் பார்த்துவிட்டாள்.

5

நிக்காஹுக்கு முந்தின நாள் ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த வரதனுக்கு நேரில் பத்திரிகை வைக்க வேண்டும். சஃபியாவும் வந்தாள். ஆட்டோ காவேரிப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. முன்னால் பஸ், பின்னால் பஸ், பக்கத்தில் லாரி. புகையும் வெயிலுமாக அசையவே இல்லை. கீழே இறங்கினாலும் போக இடம் இல்லை என்று மனசு சொன்னது. அந்த ஒரு நினைப்பு போதும் சின்னவருக்கு. கை விறைத்தது, வாய் உலர்ந்தது, நாளைக்குச் சொல்லவேண்டிய வாக்கியம் மறந்தே போனது.

"அத்தா, ஒரு முழு வாக்கியம் சொல்லுங்க" என்றாள் சஃபியா. இது எங்கள் வீட்டுச் சோதனை. மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் வந்தால் பெரியவர்மேல் குற்றம் இல்லை.

"பின்னாடி நிக்கிறவன் ஹாரனைப் புடுங்கி காவேரில போட்டாத்தான் எனக்கு மூச்சே வரும்" என்றேன்.

"பாஸ். இது சின்னவர். காலை இறுக்குங்க" என்றாள். பாதத்தை இறுக்கித் தளர்த்தினேன். பிறகு முட்டி, தொடை, கை. அவள் கையை என் தோளில் வைத்துக் கீழே அழுத்தினாள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் ஊதினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "சூடா எதுவும் குடிச்சிட்டாரா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்தால் சின்னவர் பாதி போய்விட்டார் என்று அர்த்தம். வண்டிகள் நகர்ந்தபோது கீழே ஆற்றில் தண்ணீர் ஓடுவது கண்ணில் பட்டது.

வரதன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். நெற்றியில் திருமண், தோளில் துண்டு, இதயத்தில் ஸ்டென்ட். "வாடா. நாலு மணிக்கு வரேன்னு சொல்லிட்டு இப்பத்தான் வரியா" என்று உட்காரவைத்தான். பாலத்தில் நடந்ததைச் சஃபியா உளறிவிட்டாள், மாத்திரையோடு சேர்த்து. நான் அவளை முறைத்தேன்.

வரதன் எழுந்து பூஜை அறையான பெருமாள் உள்ளுக்குப் போனான். தீர்த்தப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தட்டைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தான். அதில் மாத்திரை அட்டைகள்.

"சுகருக்கு ஒண்ணு, பிபிக்கு ஒண்ணு, ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு. இது பயத்துக்கு. ஸ்டென்ட் வச்சப்புறம் தூங்கினா எழுந்திருப்பேனான்னு பயம்டா. ஆறு மாசம் உக்காந்துண்டே தூங்கினேன்."

"இதைப் பெருமாள் சன்னிதில வச்சிருக்கியே."

"அப்பத்தான் மறக்காது. காலம்பற சேவிச்சு, தீர்த்தம் எடுத்துண்டு, கையோட இதையும் முழுங்கிடுவேன். பெருமாள் இதுவரைக்கும் கோவிச்சுக்கலை." அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "நீ என்ன பேரு சாப்பிடறே?"

நான் பெயரைச் சொன்னேன். கம்பெனிதான் வேறு, மருந்து ஒன்றே. அறுபது வயதில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் மறுபடி உட்கார்ந்த மாதிரி இருந்தது. காப்பி குடித்து, பத்திரிகை கொடுத்துவிட்டு வந்தேன்.

6

கல்யாணத்தன்று காலை, சாக்ஸுக்குள் இருந்த அட்டையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, மேஜையில் மற்ற மருந்துகளோடு வைத்தேன். அண்ணி தண்ணீர் கொண்டுவந்தார்.

"இது புதுசா இருக்கே. எதுக்கு தம்பி?"

"பயத்துக்கு அண்ணி."

கூடத்தில் சமையல்காரர்கள் அரிசி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி அவர்களுக்குப் பதில் சொல்லாமல் என் எதிரே உட்கார்ந்தார். "உங்க அண்ணன் போனதுலேருந்து எனக்கும் விடியக்காலைல நெஞ்சு அடிச்சுக்கும். இன்னிக்கும் அடிச்சுச்சு. அல்லா மேல உள்ள ஈமான் குறைஞ்சு போச்சோன்னு நெனச்சு யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

"ஈமான் குறைஞ்சவங்க இப்படி ஒரு கல்யாணத்தை நடத்திக் காட்ட முடியாது அண்ணி. கல்யாணம் முடியட்டும். சஃபியாவோட போய் ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வாங்க. என் மாத்திரைய மட்டும் எடுத்துப் போட்டுக்காதீங்க" என்றேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிசி அளக்கப் போனார்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நிக்காஹ். மைக்கை என் முன்னால் தள்ளினார்கள். சின்னவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மாத்திரை அவரை ஊரைவிட்டே துரத்திவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, கத்தாமல் உட்காரவைக்கும் என்றுதான் சொன்னார்கள். தோளை இறக்கினேன். வேட்டிக்கு அடியில் கால் விரலை இறுக்கித் தளர்த்தியதை யாரும் பார்க்கவில்லை. "என் அண்ணன் மகள் நஸ்ரினை" என்று சொல்லி நிறுத்தினேன். ஒரு மூச்சு. சபை காத்திருந்தது. "பேசிய மஹர் தொகைக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்." மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றார். நடுவில் நான் நிறுத்தியதை எல்லாரும் அண்ணனை நினைத்துத் தழுதழுத்தது என்று எடுத்துக்கொண்டார்கள். அதுவும் பொய் இல்லை.

விருந்தாளிகள் சாப்பிட மண்டபத்துக்குப் போனார்கள். நான் மஃரிபு வரை அங்கேயே இருந்து, நாற்காலியில் உட்கார்ந்து தொழுதுவிட்டு வெளியே வந்தேன். கேட்டில் இரண்டு பக்கமும் பெண்கள் நின்றார்கள், சொம்புக்குப் பதில் தண்ணீர் பாட்டில்களோடு. அப்பால் சஃபியா ஆட்டோவில் என் பையோடு காத்திருந்தாள். என் மூச்சே எனக்குப் பற்றாக்குறை, இதில் தானம் வேறா என்று ஓரமாக நழுவப் பார்த்தேன்.

"பாய்" என்று ஒரு பெண் வழியில் வந்து நின்றாள். தலையில் மல்லிகைப் பூ, இடுப்பில் இரண்டு வயது இருக்கும் ஒரு பையன். "கொஞ்சம் ஊதி விடுங்க. எதையோ பாத்துப் பயந்திருக்கான். தூக்கத்துல அலறுறான்."

பயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவனிடம் வந்து பயத்துக்கு ஊதச் சொல்கிறாள். என் மூச்சுக்கு என்ன தகுதி என்று தோன்றியது. "டாக்டர்ட்ட காட்டினீங்களாம்மா?" என்றேன்.

"காட்டிட்டேன் பாய். மருந்து குடுத்திருக்காரு, குடுத்துட்டுத்தான் இருக்கேன். இதுவும் வேணும்ல" என்றாள்.

பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தது. அந்தத் தோளை எனக்குத் தெரியும். நான் என் தோளை இறக்கினேன். மனசுக்குள் ஓதினேன். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, சுடர் அணையாமல் ஆடுகிற அளவுக்கு, மெதுவாக, நீளமாக அவன் முகத்தில் ஊதினேன். நெற்றி முடி அசைந்தது. அவன் கண்ணை மூடித் திறந்தான். எனக்கு இன்னும் மூச்சு மிச்சம் இருந்தது, இன்னொரு முறை ஊதினேன்.

அவன் தோள் கீழே இறங்கியது. என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் சின்ன உதட்டைக் குவித்து, எச்சில் தெறிக்க, என் முகத்தில் திருப்பி ஊதினான்.

"டேய், தாத்தா மேல துப்பக்கூடாது" என்று அவன் அம்மா பதறினாள்.

"இருக்கட்டும்மா" என்று சொல்லி, அவன் இன்னொரு முறை ஊதுவதற்கு வசதியாகக் குனிந்து நின்றேன்.